டாடா வண்டிகளில் என்னென்ன கியர்பாக்ஸ் வருகிறது? ஓட்டத் தெரியாதவர்கள்தான் ஆட்டோமேட்டிக் வாங்குவார்களா?

நெக்ஸான் ஆட்டோமேட்டிக் எடுக்க நினைப்பதாகவும், "ஓட்டத் தெரியாதவன்தான் அதை எடுப்பான்" என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொன்னது மாமாவோ மச்சானோ, அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். நான் டாடா லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவன். இன்று என் வீட்டு வாசலில் நிற்பது டியாகோ ஏஎம்டி.

கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாடா கார்களில் மேனுவல் போக மூன்று விதம் உண்டு. ஏஎம்டி என்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலையை மட்டும் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும். 2014-ல் ஜெஸ்ட் டீசலில் வந்தது, அப்புறம் டியாகோ, டிகோர், நெக்ஸான், பஞ்ச் என்று பரவியது. 2024-ல் டியாகோ, டிகோர் சிஎன்ஜி வண்டிகளுக்கும் கொடுத்தார்கள். அடுத்தது டிசிஏ. இதில் கிளட்ச் இரண்டு. ஒன்றில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த கியர் தயாராக இருக்கும். 2022-ல் அல்ட்ரோஸில் 6 கியர், 2023-ல் நெக்ஸான் பெட்ரோலில் 7 கியர். ஹாரியர், சஃபாரி டீசலில் இருப்பது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர்; இதில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இஞ்சின் சக்தி கியருக்குப் போகும். மின்சார நெக்ஸானில் மாற்றுவதற்கு கியரே கிடையாது. லாரிகளில் இன்னமும் பெரும்பாலும் மேனுவல்தான்: 407-ல் 5, பெரிய சிக்னா, பிரைமா லாரிகள் பலவற்றில் கிராலரையும் (மிக மெதுவாக இழுக்கும் கியர்) சேர்த்து 9.

சரி, ஓட்டத் தெரிவது என்ற பேச்சுக்கு வருகிறேன். எந்த இறக்கத்துக்கு எந்த கியர் என்று தெரிந்தவனைத்தான் நான் டிரைவர் என்பேன். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறதே, அங்கே ஒருமுறை முழு லோடோடு இறங்கும்போது ஓனரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நியூட்ரல்ல விடுப்பா, டீசல் மிச்சமாகும்" என்றார். நான் விடவில்லை. மூன்றாவது கியரிலேயே வைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (இஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு இறக்கினேன். எங்களுக்கு முன்னால் போன லாரி பிரேக்கிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பின் சக்கரத்தில் புகை, பிரேக் ஷூ கருகும் நாற்றம் எங்கள் கேபினுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஓனர் இரட்டைப் பாலம் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை.

நியூட்ரலில் விட்டால் இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்த பாரமும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; அடிக்கடி மிதிப்பதால் அந்தக் காற்றும் இறங்கும், இஞ்சின் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரசர் அதை வேகமாக நிரப்பாது. டீசல் கணக்கும் தப்பு. இப்போதைய இஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். ஆனாலும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லை என்று டிரைவர் பேட்டாவில் பிடிக்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் "டிரைவர் அலட்சியம்" என்று செய்தி வருகிறது. அந்தப் பேட்டாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

"லாரிக்காரன் காருக்குப் பாடம் எடுக்கிறானே" என்று யாராவது கீழே எழுதலாம். இறக்கம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். மலை இறங்கும்போது ஆட்டோமேட்டிக்கை அதன் போக்கில் விடாமல் மேனுவல் முறைக்குத் தள்ளி, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடித்து வையுங்கள். ஏற்றத்தில் சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஏஎம்டி கிளட்ச் தேய்ந்துபோகும். டியாகோ ஏஎம்டி-யில் பார்க்கிங் நிலை கிடையாது, கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உங்களுக்கு எது என்றால், செலவு குறைய வேண்டும், கியர் மாறும்போது வரும் சின்னக் குலுங்கல் பரவாயில்லை என்றால் ஏஎம்டி. நெரிசலிலேயே தினமும் ஊர்ந்து போகிறவர், கையில் கூடுதல் பணமும் இருக்கிறது என்றால் டிசிஏ. இரண்டையும் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரையே ஓட்டச் சொல்லுங்கள்.