மைலேஜ் விதியும் கார் கம்பெனிகளின் செலவும்: கேள்வி பதில்

ஆனந்த்: அமெரிக்காவின் ‘கஃபே’ என்ற மைலேஜ் விதியில் அபராதத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் சார்?

எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பின் 1975-இல் வந்த சட்டம் இது. கம்பெனி விற்ற வண்டிகளின் சராசரி மைலேஜைப் பார்ப்பார்கள். அரசு வைத்த இலக்கைவிடக் குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும் (ஒரு கேலனுக்கு), விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் அபராதம் போட்டார்கள். பல ஆண்டுகள் அது 5.50 டாலராக இருந்தது. பத்து லட்சம் கார் விற்ற கம்பெனி 1 மைல் பின்தங்கினால் 5.5 கோடி டாலர். 2019 மாடலிலிருந்து 14 டாலராக ஏறியது.

கவிதா: ஒரு சின்ன காரை விற்றால் ஒரு பெரிய காருக்குச் சரியாகிவிடுமே?

ஆகாது. 20 மைல் தரும் கார் ஒன்று, 40 தருவது ஒன்று என்றால் சராசரி 30 என்று தோன்றும். ஆனால் ஒரே தூரத்துக்கு இரண்டும் குடிக்கும் பெட்ரோலைக் கூட்டித்தான் கணக்கு. அப்போது 26.7 தான் வரும். அதிகம் குடிக்கும் வண்டி சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

முருகேசன்: பேசாமல் அபராதத்தையே கட்டிவிட்டால் என்ன அண்ணா?

கட்டியவர்கள் உண்டு. சில ஐரோப்பிய சொகுசு கார் கம்பெனிகள் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டின. ஜீப், ஃபியட் கார்களைச் செய்யும் ஸ்டெல்லான்டிஸ் 2018, 2019 மாடல்களுக்காக 23.55 கோடி டாலர் கட்டியது. அபராதம் கண்ணில் படும் செலவு. என்னைக் கேட்டால் நிஜமான செலவு ஆலைக்குள் இருக்கிறது. மைலேஜைக் கூட்ட ஃபோர்டு 2015 மாடலில் எஃப்-150 பிக்கப்பின் உடலை எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியது. சில வகைகளில் எடை 300 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஆனால் எஃகை இணைப்பதுபோல அலுமினியத்தைச் சுலபமாக வெல்டிங் செய்ய முடியாது; ரிவெட்டும் பசையும் வேண்டும். அதற்காக உற்பத்தி வரிசையையே பிரித்து மறுபடி அமைத்தார்கள். அப்புறம் டர்போ, பத்து கியர் கொண்ட கியர்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு.

ஷாலினி: டெஸ்லாவுக்கு இதில் வருமானமா?

ஆமாம். இலக்கைத் தாண்டியவருக்குக் கிரெடிட் என்ற புள்ளிகள் கிடைக்கும்; மிச்சமிருப்பதைப் பின்தங்கியவருக்கு விற்கலாம். டெஸ்லா செய்வது மின்சார கார் மட்டுமே, அதனால் அதனிடம் நிறைய மிஞ்சும். உலகெங்கும் இப்படிப்பட்ட விதிகளின் கிரெடிட்டை விற்று டெஸ்லா 2024-இல் ஈட்டியது சுமார் 276 கோடி டாலர்.

ராஜா: இப்போதும் அபராதம் உண்டா?

இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதைப் பூஜ்யமாக்கிவிட்டது. 2022 மாடல் முதலே வசூல் கிடையாது. மைலேஜ் விதி மட்டும் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம்தான். முன்கூட்டியே பணம் போட்டு ஆலையை மாற்றியவரும், தள்ளிப்போட்டவரும் இன்று ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.