தாராபுரம் டூ கோவை: போகும்போது மட்டும் சார்ஜ் ஏன் வேகமாக இறங்குகிறது?

கேள்வி: தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாக வாரம் இரண்டு முறை கோவைக்கு எலெக்ட்ரிக் காரில் போய் வருகிறேன். 40 யூனிட் பேட்டரி. முழு சார்ஜுக்கு 450 கிலோமீட்டர் என்று சொல்லி விற்றார்கள். இந்த ஆடியில் போகும்போது 39 சதவீதம் இறங்குகிறது, வரும்போது 23 தான். பேட்டரியில் கோளாறா? ‘பேட்டரி பேலன்சிங்’ செய்தால் 60 கிலோமீட்டர் கூடும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு கடைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். பேட்டரி கெட்டிருந்தால் போகும்போதும் குறையும், வரும்போதும் குறையும். ஒரு பக்கம் மட்டும் குறைகிறது என்றால் காரணம் வண்டிக்கு வெளியே இருக்கிறது.

அது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். கோவைக்குப் போகும்போது நீங்கள் அதை எதிர்த்துப் போகிறீர்கள். வண்டி 90-ல் ஓட, எதிர்க்காற்று 25 இருந்தால், காருக்கு அது 115-ல் போவதற்குச் சமம். திரும்பும்போது அதே 90, காருக்கு 65 மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில், போகும்போது வரும் தடை திரும்பும்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஆடியில் மேற்குப் பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவை தாராபுரத்தைவிட 150 மீட்டருக்கு மேல் உயரம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்த ஏற்றத்துக்குச் செலவு முக்கால் யூனிட்டுக்கு அக்கம்பக்கம்தான், காற்றோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

அதனால் காற்று மாதங்களில் போகும்போது 70-ல் போங்கள். காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கோவை சேரக் கால் மணி நேரம்தான் கூடும். திரும்பும்போது வழக்கமான வேகத்தில் வரலாம். காற்று எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் முன்னால் தெரியும் காற்றாலையைப் பாருங்கள். அதன் இறக்கைகள் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆகவே அது உங்களுக்கு முதுகைக் காட்டினால் எதிர்க்காற்று, முகத்தைக் காட்டினால் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் போகும்போது காற்று தின்றதை வரும்போது முழுதாகத் திருப்பித் தராது. போய்வர மொத்தமாகப் பார்த்தால் கொஞ்சம் நஷ்டம்தான்.

இப்போது அந்தக் கடைக்காரர். பேலன்சிங் என்றால் பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் சார்ஜை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. அதை வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தானே செய்துகொள்கிறது. வீட்டில் மெதுவான சார்ஜில் 100 வரை போட்டுச் சிறிது நேரம் விட்டாலே போதும். அவர் காட்டப்போவது திரையில் வரும் கிலோமீட்டர் எண்ணை. அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் உத்தேசக் கணக்கு. ஊருக்குள் மெதுவாக நான்கு தெரு சுற்றினாலே அது ஏறிவிடும். பேட்டரிப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. வெளியாள் அதைத் திறந்தால் உயிருக்கும் ஆபத்து, வாரண்டியும் போய்விடும். பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை தரும் வாரண்டியை 18,000 கொடுத்து நீங்களே ரத்து செய்யப் போகிறீர்களா? ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைக் கூட்டும் சிப், ஸ்டிக்கர் என்று வருபவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அழகுக்காக அகல டயர் மாட்டச் சொல்பவர்களால் ரேஞ்ச் குறையத்தான் செய்யும்.

பேட்டரியை நீங்களே சோதிக்கலாம். 100-லிருந்து 20 சதவீதம் வரும் வரை எத்தனை யூனிட் செலவானது என்று டிரிப் திரையில் பாருங்கள். 40 யூனிட் பேட்டரியில் அது 32-ஐ ஒட்டி இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ரொம்பக் குறைந்தால் கம்பெனி சர்வீஸில் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

450 என்ற எண் சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. அங்கே ஆடிக்காற்றும் இல்லை, ஏசியும் இல்லை. அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது, பெரும்பகுதி அதற்கும் வெகு கீழே. பைபாஸில் 90-ல் ஓட்டினால் எவ்வளவு போகும் என்று ஷோரூம் பலகையில் ஒரு வரி எழுதி வைக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? சில கம்பெனிகள் நிஜ ஓட்டத்துக்கென்று தனி எண் சொல்ல ஆரம்பித்திருக்கின்றன. எல்லோரையும் அப்படிச் சொல்ல வைக்க வேண்டியது அரசாங்கம்.

ஏசியை அணைத்துவிட்டுப் புழுங்கிக்கொண்டு போக வேண்டாம். ஓடும் வண்டியில் அது மணிக்கு ஒரு யூனிட் வாக்கில்தான் எடுக்கும், ஜன்னலைத் திறந்தால் காற்றுத் தடை கூடும். கிளம்பும் முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே ஏசி போட்டு வண்டியைக் குளிர்வித்துக்கொள்ளுங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் சரிபாருங்கள். பங்கில் எல்லா வண்டிக்கும் வைக்கும் அளவை வைக்க விடாதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவே சரி. தினசரி ஓட்டத்துக்கு 80 வரை சார்ஜ் போதும், கோவை போகும் நாளில் மட்டும் 100 போடுங்கள்.

வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். ஆப்பில் பச்சை விளக்கு எரியும், நேரில் போனால் வண்டியில் செருகும் சார்ஜிங் கன் வேலை செய்யாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் நூறு, இருநூறு என்று நம் பணம் முடங்கிக் கிடக்கும். உங்களுக்கு அந்தத் தலைவலியே தேவையில்லை. நீங்கள் சொன்ன கணக்கிலேயே 39-ம் 23-ம் சேர்ந்து 62. 100 போட்டுக் கிளம்பினால் ஆடிக்காற்றிலும் போய்வந்த பிறகு 38 சதவீதம் மிச்சம் இருக்கும்.