நயவுரையில் உண்மையைச் சொல்லலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் களுவாஞ்சிக்குடியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 29. பாடசாலைக் காலத்திலிருந்தே காதல் நாவல்கள் படிக்கிறேன்; கையில் கிடைத்த எதையும் விட்டதில்லை. எனக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் ஓய்வுபெற்ற பின் ஒரு காதல் நாவல் எழுதி அச்சிட்டிருக்கிறார். அடுத்த மாதம் வெளியீட்டு விழா. நயவுரை என்னுடையது. நாவலின் முதற்பாதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு கொழும்பிலிருந்து வரும் பணக்காரக் கதாநாயகன், அண்ணன் மீதுள்ள பகைக்காகத் தங்கையின் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டிக் கூட்டிப்போகிறான். இரண்டு இடங்களில் அவளை அறைகிறான். கடைசியில் அவன் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, தானும் அவனைக் காதலிப்பதாக அவள் உணர்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "கதைதானே, கதையாகப் படி" என்கிறாள் என் மச்சாள். ஊரில் கவிதை எழுதும் ஒருவரோ, "காதல் நாவலுக்கெல்லாம் விமர்சனம் எதற்கு? நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடு" என்கிறார். ரீச்சரின் மனத்தை நோகடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. நான் என்ன பேசுவது?

பதில்: அன்புத் தங்கைக்கு, மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள். முதலில் ரீச்சரிடம் அவர் வீட்டில் சொல்லுங்கள். பிறகு மேடையில் சொல்லுங்கள்.

உங்கள் மச்சாளும் அந்தக் கவிஞரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள் போலத் தெரியலாம். மச்சாளுக்குக் காதல் நாவல் பிடிக்கும், கவிஞருக்குப் பிடிக்காது. ஆனால், இந்த வகை நாவலிடம் உண்மையை எதிர்பார்க்கத் தேவையில்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நமது பிரதேச நூலகங்களுக்குப் போய்ப் பாருங்கள். அட்டை கிழிந்து, தாள் மடங்கி, மறுபடியும் பைண்டிங் செய்யப்பட்டிருக்கும் புத்தகங்களில் பெரும் பங்கு காதல் நாவல்கள்தான். பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு, குசினி வேலையை முடித்துவிட்டு, கிடைத்த அரை மணி நேரத்தில் பெண்கள் படித்துத் தேய்த்த தாள்கள் அவை. அவ்வளவு பேர் நேரத்தைக் கொடுத்துப் படிக்கும் ஒன்றைப் பற்றி உண்மையாகப் பேச, அதையே ஆண்டுக்கணக்கில் படித்த உங்களைவிடத் தகுதியானவர் யார்? எந்தச் சண்டை இயல்பாக வந்தது, எது கதையை இழுப்பதற்காகத் திணிக்கப்பட்டது என்பது உங்களுக்கு இரண்டு பக்கத்தில் புரிந்துவிடும். அந்தக் கவிஞருக்குப் புரியாது.

இனி அந்தக் கதாநாயகன். பேசும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அவனை ரசிக்கும் வாசகிகளைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். ஊருக்கெல்லாம் முரடனாக இருப்பவன் ஒருத்தியிடம் மட்டும் உருகிப்போவது பெண்களுக்குப் பிடித்த கற்பனை. அதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஓர் ஆணின் கோபம் எப்போது வரும், எப்போது தணியும் என்று பார்த்துப் பார்த்தே நடக்கப் பழகியவர்கள் எத்தனையோ பேர். வாழ்க்கையில் அந்தக் கோபத்தை அடக்கும் வழி அவர்கள் கையில் இல்லை. கதைக்குள் அந்த வல்லமை அவர்களுக்குக் கிடைக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் மண்டியிடுகிறான். இதைப் படித்து மகிழ்பவள் நாளை அறை வாங்கத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. அவளுக்குக் கதையும் தெரியும், வாழ்க்கையும் தெரியும்.

ரீச்சரின் நாவலில் நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், பிழை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அவன் மாறவே இல்லை. அடித்தான், பிறகு அடிபட்டுக் கிடந்தான். அவள் இரங்கினாள். இரக்கம் வந்த இடத்தில் காதல் என்று எழுதிவிட்டார். செய்தது பிழை என்று அவனுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தான், அவள் மன்னிக்க மறுத்திருந்தால் அதைத் தாங்கியிருப்பானா என்பவைதான் அந்தக் கதையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய அத்தியாயங்கள். அவற்றை எழுதுவது கடினம் என்பதால்தான் இப்படிப்பட்ட நாவல்களில் கடைசி நேரத்தில் ஒரு லொறி வருகிறது, இல்லையென்றால் ஒரு காய்ச்சல் வருகிறது. மேடையில் இதைச் சொன்னால் அது ஒழுக்கப் பிரசங்கமாக இருக்காது. எழுதியவருக்குப் பயன்படும் வாசகக் கருத்தாக இருக்கும்.

"தமிழ்க் காதல் கதை என்றால் இப்படித்தான்" என்று யாராவது எழுந்து சொன்னால், தொல்காப்பியத்தை நினைவூட்டுங்கள். அகத்திணை ஏழில், ஒருதலைக் காதலான கைக்கிளையையும் பொருந்தாக் காமமான பெருந்திணையையும் இரண்டு ஓரங்களில் நிறுத்திவிட்டு, நடுவிலுள்ள ஐந்தையும் இருவர் மனமும் ஒத்த அன்புக்குக் கொடுத்தது அது. பலவந்தத் தாலிக்கு அந்த ஐந்தில் இடமில்லை. நாட்டின் சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கணவன் அடித்தால் மனைவி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதேவேளை, நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியாக இருந்தாலொழிய, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை நமது தண்டனைச் சட்டக்கோவை வன்புணர்வாகக் கொள்வதில்லை. சட்டமே இப்படி ஓர் இடைவெளியை விட்டுவைத்திருக்கும் நாட்டில், ஒரு காதல் கதை எதைக் காதல் என்று சொல்கிறது என்பது சின்ன விடயம் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். அவளைக் "கூட்டிப்போகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பு பங்களாவுக்குத்தானே? சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நடக்கும் கதையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவாள். மாமியார், நாத்தனார், பெரிய கூட்டுக் குடும்பம் எல்லாம் அங்கே காத்திருக்கும். அது அவர்களின் வாழ்க்கை, அங்கே அது பொருந்துகிறது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்குக் கல்யாணமானதும் பெற்றோர் இளையவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவில் சின்னதாக ஒரு வீட்டுக்கு மாறுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! குடி என்ற வம்சப் பிரிவு தாய் வழியாக வருகிறது. கோயில் உரிமையைக்கூட அந்தக் குடிதான் தீர்மானிக்கிறது. மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்து நூறாண்டுக்கு மேலாகியும், வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் படிப்பித்த ஒருவர் காதல் நாவல் எழுதும்போது, இதையெல்லாம் ஏன் ஒதுக்கிவைக்க வேண்டும்? காணி உறுதி அவள் பெயரில் இருக்கும் வீட்டுக்குள் ஒருவன் பெட்டியோடு வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் குசினிக்குள் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமனாரின் கதிரையில் உட்கார்ந்துவிட்டு எழும்புகிறான். அவளுடைய தங்கைகள் சிரிக்கிறார்கள். அவனுக்குக் கோபம் வரலாம், வெட்கம் வரலாம், தன் தாயின் வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றலாம். அந்த வீட்டில் அவளும் அவனும் ஒருவரையொருவர் எப்படி விரும்பத் தொடங்குகிறார்கள்? முரட்டுக் கதாநாயகன் வேண்டுமென்றால் அவனையும் அந்த வீட்டுக்குள் அனுப்பிப் பாருங்கள். கதவைக் காட்டும் உரிமை அவளிடம் இருக்கும்போது அவனுடைய முரட்டுத்தனம் என்ன ஆகிறது என்று படிக்க எனக்கு அவ்வளவு ஆசை.

இந்த வழக்கத்தில் இருட்டும் உண்டு. வீடு கட்டி முடியவில்லை என்பதால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மகளின் வீட்டுக்குக் கூரை போடுவதற்காகக் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரை நாம் அறிவோம். தங்கைக்கு வீடு கட்டிவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று கட்டாரில் உழைக்கும் அண்ணன்மாரும் அப்படித்தான். அந்த அண்ணனுக்காக இங்கே ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால், அதைவிடப் பெரிய காதல் கதை எதற்கு? தடை உண்மையானது, அதற்காக ஒரு வில்லனை உண்டாக்கவே தேவையில்லை. வயற்காவலில் இரவெல்லாம் மச்சானும் மச்சியுமாகக் கவி பாடிய ஊர்கள் இவை. காதலைச் சொல்ல நமக்கு வெளியூர் பங்களா வேண்டாம்.

முதற்பாதி பிடித்தது என்றீர்கள். ரீச்சர் தான் அறிந்த ஊரைத்தான் அந்தப் பாதியில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் நயவுரையின் நடுத்தூண் அதுதான். எது நன்றாக இருக்கிறதோ அதைப் பக்கம் சொல்லி, இரண்டு பத்தி வாசித்துக் காட்டுங்கள். "அருமை", "அற்புதம்" என்பதைவிட அது அவருக்குப் பெரிய மரியாதை. பிறகு, இந்த ஊர் எந்தப் பக்கத்தில் கதையை விட்டுப் போனது என்று கேளுங்கள். அறையும் தாலியும் வந்த பக்கமும் அநேகமாக அதன் அருகில்தான் இருக்கும்.

ரீச்சரின் வீட்டுக்கு விழாவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே போங்கள். தொலைபேசியில் வேண்டாம். நம் ஊரில் ஒரு புத்தகம் பெரும்பாலும் எழுதியவரின் சொந்தக் காசில், சில நூறு பிரதிகளாக வருகிறது. அச்சகக் கடன் தீருமா என்ற கவலையோடுதான் அவர் அந்த மண்டபத்தில் பொன்னாடையை ஏற்றுக்கொள்வார். அந்த இடத்தில், உறவினருக்கும் பழைய மாணவருக்கும் முன்னால், முதன்முறையாக உங்கள் கருத்தைக் கேட்கும் நிலை அவருக்கு வரக்கூடாது. முன்பே சொல்லிவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. விழாவின் முடிவில் ஏற்புரை அவருடையது. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் யோசித்து வந்து பதில் சொல்லலாம், உங்களை மறுக்கலாம். நமது வெளியீட்டு விழாக்களில் அப்படி ஒரு பேச்சு நடந்தால் கதிரைகளில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"மேடையில் இதைப் பேசவேண்டாம், மகள்" என்று அவர் சொல்லிவிட்டால்? அது அவருடைய விழா. நயவுரையை வேறு ஒருவரிடம் பணிவாகக் கொடுத்துவிடுங்கள். விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள்; பிரதி வாங்குங்கள், உறையில் உங்களால் முடிந்ததை வையுங்கள். ஆனால் அந்தக் கதாநாயகனைப் புகழ்ந்து ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். மண்டபத்தில் உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரும் இருப்பார்கள்.

அவர் வருந்தினால் வருந்தட்டும். சமாதானம் செய்ய அவசரப்பட்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் போங்கள். அடுத்த நாவலை எழுதத் தொடங்கிவிட்டாரா என்று கேளுங்கள். தொடங்கியிருந்தால், அச்சகத்துக்குக் கொடுக்குமுன் கையெழுத்துப் பிரதியை உங்களிடம் படிக்கத் தரும்படி கேளுங்கள்.