சடைமுடி யாருடையது?

கேள்வி: என் தம்பி ட்ரெட்லாக்ஸ் வளர்க்கிறான். பாட்டி அதைச் சாமி சடை என்கிறார். அப்பாவோ, பாப் மார்லியைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டான் என்கிறார். இது எங்கிருந்து வந்தது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: ஒரே ஊரிலிருந்து வரவில்லை, அம்மா. பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே நீள்முடி முனிவரைப் பற்றி ஒரு பாடல் உண்டு, நம் சிவனும் சடைமுடியோடுதான் கங்கையைத் தாங்குகிறார். நமீபியாவின் ஹிம்பா பெண்களோ செம்மண்ணும் வெண்ணெயும் குழைத்து முடியைத் திரிக்கிறார்கள், அது அவர்களுடைய சொந்த மரபு.

அப்பா நினைப்பது ஜமைக்காவின் ராஸ்தபாரிகளை, பாடகர் பாப் மார்லியும் அவர்களில் ஒருவர். எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி 1930-இல் பேரரசராக முடிசூடிய பிறகு, அவரைத் தெய்வமாகப் போற்றி உருவான சமய இயக்கம் அது. முடியில் கத்தி படக்கூடாது என்ற பைபிளின் நசரேய விரதத்தை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். 1950-களில் கென்யாவில் ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டுக்குள் போன மாவ் மாவ் போராளிகளின் சடையும் அவர்களை ஈர்த்தது என்பார்கள். இன்னொன்று, நம் தோட்டத்து மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அவர்களோடு போன சாதுக்களின் சடையும் ராஸ்தபாரிகளைத் தொட்டிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் இதை ஏற்பதில்லை, ஆனால் எனக்கு இது நெஞ்சுக்கு நெருக்கமான செய்தி.

சரி, தம்பியைக் கெட்டுப்போனவன் என்று அப்பா திட்ட வேண்டாம். தலையைக் கழுவி நன்றாகக் காயவைக்க மட்டும் சொல்லுங்கள், நம் ஊர் ஈரத்தில் சடை சீக்கிரம் நாறும்.