மல்டரைக் காணோம், ஸ்கல்லியையும் காணோம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு ஏஜென்ட்கள் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்காக மர்ம வழக்குகளை விசாரிக்கும் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' டிவி தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்து முடித்துவிட்டேன். அதை வைத்து ஒரு பழைய கேம் இருக்கிறதாம், ஆனால் அதில் மல்டராகவோ ஸ்கல்லியாகவோ விளையாட முடியாது என்கிறான் என் நண்பன். அப்புறம் அதில் என்னதான் இருக்கிறது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அதைக் குறையாக நினைக்காதீர்கள், அந்த கேமின் உயிரே அதில்தான் இருக்கிறது.

1998இல் வந்தது. ஹைபர்போல் ஸ்டூடியோஸ் உருவாக்கி ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்டது. நீங்கள் கிரெய்க் வில்மோர், எஃப்.பி.ஐ.யின் சியாட்டில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண ஏஜென்ட். கதை நடப்பது 1996 ஏப்ரலில். சியாட்டிலுக்கு வடக்கே எவரெட் என்ற ஊருக்கு விசாரணைக்கு வந்த மல்டரும் ஸ்கல்லியும் காணாமல் போகிறார்கள். தலைநகர் வாஷிங்டனிலிருந்து அவர்களுடைய மேலதிகாரி ஸ்கின்னரே கிளம்பி வந்து அந்த வழக்கை உங்கள் கையில் கொடுக்கிறார். தொடரில் ஸ்கின்னராக நடித்த மிட்ச் பிலெஜ்ஜியேதான் இதிலும் வருகிறார், கதையும் தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர், அதன் எழுத்தாளர் ஃபிராங்க் ஸ்பாட்னிட்ஸ் இருவருடையது, அதனால் ஏதோ பெயரை மட்டும் வாங்கி ஒட்டிய சரக்கு என்ற எண்ணமே வராது.

இப்போது யோசித்துப் பாருங்கள், மல்டராகவே உங்களை விளையாட விட்டிருந்தால் என்ன ஆகும்? மல்டர் எந்த இடத்தில் என்ன பேசுவான், எதைக் கேட்டால் கண் விரியும், எங்கே ஸ்கல்லியைத் திரும்பிப் பார்ப்பான் என்று உங்களுக்குத் தெரியும்; நீங்கள் ஒரு தப்பான பதிலைச் சொன்ன உடனே அவன் மல்டராக இருக்க மாட்டான். வில்மோருக்கு அந்தச் சுமை இல்லை. அவனுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் தொடர் பார்த்த உங்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியில்தான் பயமே பிறக்கிறது. தொடரில் சதிகளுக்குப் பின்னால் நிற்கிற, சிகரெட் பிடிக்கும் அந்த மனிதர் இதிலும் வருகிறார். வில்மோருக்கு அவர் யாரோ ஒரு ஆள். உங்களுக்கு அடிவயிறு கலங்கும். 'இந்த ஆளை நம்பாதே' என்று அவனிடம் கத்தத் தோன்றும். வேறு எந்த வகை கேமிலும் எனக்கு இது இவ்வளவு அழுத்தமாகக் கிடைத்ததில்லை.

விளையாடும் விதம் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். முப்பரிமாணமெல்லாம் கிடையாது, எல்லாமே நிஜ இடத்தில் நிஜ நடிகர்களை வைத்துப் படம் பிடித்தது. ஒரு கிடங்குக்குள் நிற்கிறீர்கள் என்றால் திரை முழுக்க அந்தக் கிடங்கின் அசையாத படம்தான் இருக்கும். கர்சரை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் எங்கே திரும்பலாம், எதைத் தொடலாம் என்பதற்கு ஏற்றபடி அது மாறும், கிளிக் செய்தால் அடுத்த படம் வரும் அல்லது சின்ன வீடியோத் துண்டு ஓடும். ஆட்களிடம் பேசும்போது கேள்விகளைத் தேர்ந்தெடுக்கலாம், சில இடங்களில் வாக்கியத்துக்குப் பதிலாக உணர்ச்சியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: கோபப்படுவதா, கிண்டலாகச் சிரிப்பதா, பரிவு காட்டுவதா. இதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லை. நீங்கள் எப்போதும் சந்தேகத்தோடு பதில் சொல்லிக்கொண்டே போனால் கேம் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வில்மோரையும் அதற்கேற்ற ஆளாக ஆக்கிவிடும். 1998இல் இதை முயன்று பார்த்தார்கள் என்பதற்காகவே அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

குறையும் உண்டு. மெதுவாகத்தான் நகரும். ஒன்றுமே இல்லாத மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். கணினிப் பதிப்பு ஏழு சிடி, நடுநடுவே எழுந்து மாற்றிப் போட வேண்டும். 1999இல் வந்த ப்ளேஸ்டேஷன் பதிப்பு நான்கு டிஸ்க். மல்டரும் ஸ்கல்லியும் திரையில் தோன்றும் நேரம் குறைவு, ஆளைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம், அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

கேள்வி: நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. நேராக கேமுக்குள் இறங்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கதை புரியும், முடித்தும் விடலாம். ஆனால் மேலே சொன்ன அந்த அடிவயிற்றுக் கலக்கம் கிடைக்காது, அது இல்லாமல் விளையாடினால் இது ஒரு சுமாரான போலீஸ் கதையாகத் தெரிந்துவிடும். எல்லா சீசனையும் பார்க்க நேரமில்லை என்றால் முதல் எபிசோடைப் பாருங்கள், அப்புறம் மூன்றாவது சீசனில் 'பைப்பர் மாரு', 'அபோக்ரிஃபா' இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1996 பிப்ரவரியில் அடுத்தடுத்த வாரங்களில் ஒளிபரப்பானவை, கண்ணுக்குள் கருப்பு எண்ணெய் நெளிகிற அந்தக் கதை. கேமுக்கு அது ஏன் முக்கியம் என்று நான் சொன்னால் பாதி சுவாரசியம் போய்விடும், சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்த மாதிரி கேம்களில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் இணையத்தில் விடை பார்ப்பது தப்பா? என் தம்பி அதை ஏமாற்று வேலை என்கிறான்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பியின் ரோஷம் நல்லதுதான், ஆனால் மாட்டிக்கொள்வதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே நியாயம் கிடையாது. துப்பு எல்லாம் கையில் இருக்கிறது, அதைக் கோத்துப் பார்க்கத் தெரியவில்லை என்றால் விடையைப் பார்க்காதீர்கள், அந்தக் குழப்பத்துக்காகத்தானே விளையாட வந்தோம். ஒரு நோட்டை எடுத்து யார், எப்போது, எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்று எழுதுங்கள், பெரும்பாலும் எழுதும்போதே பொய் சொன்ன ஆள் மாட்டிவிடுவான். புதிதாக ஏதாவது சாட்சியம் கிடைத்தால் ஏற்கெனவே பேசிய ஆட்களிடம் மறுபடி போய் அதைக் காட்டுங்கள், ஒரு தடவை பேசியாயிற்று என்று விட்டுவிடுவதுதான் பலரும் முட்டி நிற்கிற இடம்.

ஆனால் இருட்டான படத்தின் ஓரத்தில் கடுகளவு கிடக்கும் ஒரு பொருள் உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து மவுஸைத் தேய்க்க வேண்டியதில்லை. அது அறிவுக்கு வைத்த சோதனையே இல்லை, பழைய கேம்களின் அமைப்புக் கோளாறு. தயங்காமல் பாருங்கள். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், கீழே உருட்டிக்கொண்டே போனால் முடிவுவரை தெரிந்துவிடும். அடிக்கடி சேவ் செய்யவும் மறக்காதீர்கள், வில்மோர் செத்துப்போகிற இடங்கள் இருக்கின்றன.

கேள்வி: 'லாஸ்ட்' தொடரின் கேமை ஆசையாக வாங்கினேன். ஃப்யூஸ் பெட்டியைச் சரிசெய்யவே பொழுது போகிறது. தொடர்ந்து விளையாடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: 'லாஸ்ட்: வியா டோமஸ்', 2008, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கேம். விமான விபத்தில் தப்பி ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதைதான் 'லாஸ்ட்'. அந்த ஃப்யூஸ் புதிர்கள் எனக்கும் எரிச்சலைத்தான் தந்தன, அதற்கும் தீவின் மர்மத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். இதிலும் நீங்கள் தொடரின் நாயகர்களான ஜாக்கோ லாக்கோ இல்லை, விமான விபத்தில் ஞாபகம் போன எலியட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். பழைய நினைவு வரும்போது சரியான நொடியில், சரியான கோணத்தில், ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். படம் சரியாக விழுந்தால் அந்த நினைவு தெளிகிறது, பிறகு அதற்குள்ளேயே நடந்து துப்புத் தேடலாம். மறதியை விளையாட்டாக மாற்றிய விதத்தில் இது அருமையான யோசனை. தீவில் ஆட்களைக் கொல்லும் அந்தக் கரும்புகை துரத்தும்போது ஆலமரத்து விழுதுகளுக்குள் புகுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்காகவாவது விளையாடுங்கள். பென் என்ற பாத்திரத்துக்குத் தொடரில் அதில் நடித்த மைக்கேல் எமர்சனே குரல் கொடுத்திருக்கிறார். ஆனால் ஜாக், லாக் முதலியவர்களுக்கு வேறு ஆட்களின் குரல், கேட்கும்போது மனசுக்கு ஒட்டாது. ஃப்யூஸ் புதிருக்கு விடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாகர்கோவில்காரரின் தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, துப்பறியும் கதை என்றால் உயிர். 'சிஎஸ்ஐ' கேம் வாங்கித் தரலாமா?
— வாசகி, சேலம்

பதில்: இப்போது வேண்டாம். தடயவியல் குழு ஒன்று குற்றங்களைத் துப்புத் துலக்கும் 'சிஎஸ்ஐ' டிவி தொடரை வைத்து வந்த நல்ல கேம் வரிசைதான், 2003இல் தொடங்கியது; நீங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆள், பஞ்சுக் குச்சியும் கைரேகைப் பொடியுமாகத் தடயம் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டு, போதுமான ஆதாரத்தோடு போய்க் கேட்டால்தான் போலீஸ் அதிகாரி பிராஸ் வாரண்ட் வாங்கித் தருவார், கடைசியில் குழுத் தலைவர் கிரிஸ்ஸம் உங்கள் வேலையை மதிப்பிடுவார். ஊகம் செல்லாது, ஆதாரம் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற கேம் அது. ஆனால் பிணமும் ரத்தமும் கண்ணெதிரே கிடக்கும், அவள் கொஞ்சம் வளரட்டும்.

அதுவரைக்கும் 1995இல் சேகா ஜெனிசிஸ் என்ற பழைய கேம் கன்சோலுக்கு வந்த 'ஸ்கூபி-டூ மிஸ்ட்ரி'யைத் தேடிப் பாருங்கள். ஒரு ஹோட்டல், ஒரு கார்னிவல் என்று இரண்டு மர்மங்கள், ஷேகி என்ற பையனை நீங்கள் நடத்திக்கொண்டு போகலாம், அவனுடைய நாய் ஸ்கூபி பின்னாலேயே வரும். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும், முதல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள். விடையை மட்டும் அவளுக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.