இன்ஜின் பாதி சக்தியில் ஓடினால்?

கேள்வி: சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகும் என் மகன், இன்ஜின் முற்றாக நின்றுபோவதைவிடப் பாதி சக்தியில் ஓடுவதே ஆபத்து என்கிறான். உண்மையா?
- வாசகி, ஈசூன்

பதில்: பெரும்பாலும் உண்மைதான் அம்மா. நின்றுபோன இன்ஜின் விமானியைத் தயங்கவிடாது. திணறி ஓடும் இன்ஜினோ ஓடுதளத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற ஆசையைக் காட்டி, வேகம் குறைந்த நிலையிலேயே திரும்பவைத்துவிடும். பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால், விமானம் தூக்குவிசையை இழக்காமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆகவே முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். தாழ்வாகப் பறக்கையில், முன்னே தெரியும் இடத்தில் இறங்குவதே மேல். கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவி) உள்ள இன்ஜினில், நம் ஊர் ஈரக்காற்றில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் உள்ளே பனி படிந்து சக்தி குறையலாம்; சூடேற்றும் குமிழை இழுத்ததும் இன்ஜின் முதலில் இன்னும் மோசமாக உதறும், அது பனி உருகி உள்ளே போவதால்தான், பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது.