529 ஓம் எங்கே போயிற்று?

கேள்வி: சார், என்னிடம் ஒரு பழைய குண்டு பல்பு இருக்கிறது. 230 வோல்ட், 100 வாட் என்று அதன் தலையில் அச்சிட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மல்டிமீட்டரை வைத்தால் 38 ஓம்தான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா, என் கணக்கு தப்பா?

பதில்: மீட்டரும் சரி, கணக்கும் சரி. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 100-ஐ 230-ஆல் வகுக்க 0.435. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்: கிட்டத்தட்ட 529. ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும் பல்பின் மின்தடை. நீங்கள் மீட்டரை வைத்தது அணைந்து ஆறிப்போன பல்பில். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. சூடு ஏற ஏற டங்ஸ்டனின் தடையும் ஏறும். அந்தச் சூட்டில் பத்து மடங்குக்கு மேல் போய்விடும்.

சுவிட்சைப் போடும் கணத்தில் இருப்பது உங்கள் 38 ஓம்தான். அப்போது பாயக்கூடியது 230-ஐ 38-ஆல் வகுத்தது, அதாவது 6 ஆம்பியர். கண்ணிமைப்பதற்குள் இழை சூடேறி, ஓட்டம் அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போட்டவுடன் ‘டப்’பென்று ஃபியூஸ் போவது இதனால்தான். எங்காவது மெலிந்துபோன இழையால் அந்த முதல் அடியைத் தாங்க முடிவதில்லை.

நேரில் பார்க்க வேண்டுமா? மெயின் கரண்டில் கை வைக்காதீர்கள். காரின் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 12 வோல்ட் 21 வாட், எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பல்போடு தொடராக இணையுங்கள். 1.5 வோல்ட் கொடுத்தால் இழை லேசாகச் சிவக்கும், ஓட்டம் அரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். வகுத்தால் மூன்று ஓமுக்கும் குறைவு. 6 வோல்ட்டில் மஞ்சள் வெளிச்சம், சுமார் 1.2 ஆம்பியர், 5 ஓம். 12 வோல்ட்டில் கண் கூசும், 1.75 ஆம்பியர், கிட்டத்தட்ட 7 ஓம். ஒரே பல்புதான், ஒவ்வொரு வோல்ட்டேஜிலும் வேறு தடை.

அதே பல்பை ஆறவிட்டு ஓம் அளக்கும்போது ஒரு விஷயம். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். ஒயரின் தடையே கால் ஓம், அரை ஓம் என்று காட்டும். அதைக் கழிக்காவிட்டால் இவ்வளவு சின்ன அளவில் விடை ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: தடை கூடினால் மின்திறன் கூடும் என்று ஒரு சூத்திரம், குறையும் என்று இன்னொரு சூத்திரம். எதை நம்புவது?

பதில்: மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வாட் = வோல்ட் × ஆம்பியர். மற்ற இரண்டும் இதிலிருந்து பிறந்தவைதான். ஆம்பியரின் இருமடி × ஓம் என்றும் எழுதலாம், வோல்ட்டின் இருமடியை ஓமால் வகுத்தும் எழுதலாம். எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிளக்கில் வோல்ட் நிலையானது. அங்கே தடை குறைந்தால் திறன் கூடும். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே ஆம்பியர் ஓடுகிறது. அங்கே தடை அதிகமுள்ளதுதான் அதிகம் சூடாகும். ஓம் விதியைக் கண்டறிந்த ஜார்ஜ் ஓம் தன் சோதனைகளுக்கு, ஆட்டம் காணும் பேட்டரியை ஒதுக்கிவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து மின்சாரம் எடுத்தார். மின்னழுத்தம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராகப் போட்டால் எது பிரகாசமாக எரியும்? 60 வாட்தான். அதன் தடை 882 ஓம், மற்றதன் தடை 529. ஓம்களைக் கூட்டி, 0.163 ஆம்பியர் என்று கண்டுபிடித்து, ஒன்றுக்கு 23 வாட், மற்றதற்கு 14 வாட் என்று விடை எழுதுவார்கள். பரீட்சைக்கு அது போதும். உண்மையில் 100 வாட் பல்பின் இழை சரியாகச் சூடேறாததால் அதன் தடை 529-ஐ எட்டவே எட்டாது. ஆகவே அது வெறுமனே மினுங்கும்.

கேள்வி: 1500 வாட் ஹீட்டர். வோல்ட்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் எத்தனை வாட் கிடைக்கும்?

பதில்: 1134. ஹீட்டரின் நிக்ரோம் கம்பி டங்ஸ்டன் போல ஆட்டம் காட்டாது. சூட்டில் அதன் தடை கொஞ்சம்தான் மாறும். ஆகவே 35.27 ஓம் என்றே வைத்துக்கொள்ளலாம். 200 × 200-ஐ 35.27-ஆல் வகுத்துப் பாருங்கள். வோல்ட் 13 சதவீதம் இறங்கியதற்கு வாட் 24 சதவீதம் போய்விட்டது. தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு இருமடிதான் காரணம்.

கேள்வி: மின்விசிறியில் 0.4 ஆம்பியர் ஓடுகிறது. 230-ஆல் பெருக்கினால் 92 வாட். தகட்டில் 70 வாட் என்று இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. மோட்டாரின் சுருளில் ஓட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். அதனால் நீங்கள் பெருக்கிக் கண்டது வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால், இங்கே சுமார் 0.76, பெருக்கினால்தான் வாட். அதேபோல 230-ஐ 0.4-ஆல் வகுத்துக் கிடைக்கும் 575-ஐயும் சுருளின் தடை என்று எழுதிவிடாதீர்கள். அது மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் மொத்தமாகக் காட்டும் எதிர்ப்பு. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுருளில் மீட்டரை வைத்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும்.